கடலுக்கு முதுகு காட்டிய வாங்கு

கட்டடக்கலை மாணவியின் தொழில், ஒருநாளும் கட்டப்படாத கட்டடங்களுக்காக உண்மையாகவே கவலைப்படுவது. இதைப் படிப்பவர்கள், படித்துவிட்டுத் தலையில் கைவைத்திருப்பவர்கள், பிள்ளை என்னதான் படிக்கிறது என்று விளங்காமல் முழிக்கும் பெற்றோர்கள், எல்லோரும் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறிவுரை எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது, அதற்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

படி இல்லாத மாடி

என் ஊரான உப்புவெளியிலிருந்து கொழும்புப் பக்கம் படிக்கப் போய் இறங்கிய முதல் கிழமையே ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் திட்டம் போட்டுவிட்டேன். பெரிய மட்டை ஒன்றில் வருடத்துக்கு ஒரு நிறம். முதலாம் வருடம் கையால் கீறிப் பழகுவது. இரண்டாம் வருடம் கணினி. மூன்றாம் வருடம் போட்டிகள். நான்காம் வருடம் நல்ல அலுவலகம் ஒன்றில் பயிற்சி. ஐந்தாம் வருடம் ஆய்வு, பட்டம், குடும்பத்தோடு படம்.

அடியில் பென்சிலால் இன்னொரு வரியும் எழுதினேன். இரண்டாம் வருடம் டிசைன் பாடத்தில் விழுந்தால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் ஊருக்குக் கிட்ட இருக்கும் நிலாவெளிக்குப் போவது. அங்கே சித்தப்பாவுக்கு ஒரு ஹோட்டல் இருக்கிறது. வருகிறவர்களை வரவேற்கும் வேலை எனக்கு எப்போதும் உண்டு என்று சொல்லியிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பென்சில் வரிதான். பயம் வரும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன்.

படிப்பில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், கிண்ணியாவைச் சேர்ந்த நஃபீஸ் அண்ணன். திட்டத்தைக் கொண்டுபோய் அவரிடம் பெருமையாகக் காட்டினேன். முதல் வருட மாணவர்கள் இரண்டு மாடி வீடு கீறினால் ஒன்றை மறக்காமல் மறப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்டாம் மாடி இரிக்கி, ரெண்டாம் மாடி இரிக்கி, அஞ்சாம் மாடி வரைக்கும் இரிக்கி. ஏறுற படிய மட்டும் காணல்லயே தங்கச்சி!"

முட்டை

என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அதிகம் கதைக்காத மனிதர். நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், "பிள்ளை வீடு கீறுது" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். அதை நம்பி, முதல் விடுமுறைக்கு நான் வந்த அன்றே பக்கத்து வீட்டு ராணி அன்ரி கிழித்த கொப்பி ஒற்றை ஒன்றோடு வந்துவிட்டார். சமைக்கிற குசினியைப் பின்பக்கம் நீட்டிக் கட்ட வேண்டுமாம், ஒரு பிளான் கீறித் தரட்டுமாம்.

நான் அதுவரை குசினி என்ன, ஒரு கதவுகூடக் கீறியிருக்கவில்லை. எங்களுக்குத் தந்திருந்ததெல்லாம் கோடு, வட்டம், காய்ந்த இலை, பிறகு ஒரு முட்டையும் அதன் நிழலும். முட்டையை மட்டும் எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். நிழல் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, இதில் உயிர் இல்லை என்று திருப்பித் தந்துகொண்டே இருந்தார்கள். முட்டையில் உயிர் எப்படித் தெரிய வேண்டும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆனாலும் மரியாதைக்காக என் படங்களை எல்லாம் விரித்துக் காட்டினேன். அன்ரி ஒவ்வொரு முட்டையாகப் பொறுமையோடு பார்த்தார். கடைசித் தாளையும் மூடிவிட்டுக் கவலையோடு கேட்டார்: "அப்ப குசினி கீற இன்னும் கனகாலம் செல்லும் என்ன? அடுத்த வருசம் கோழியா பிள்ளை?"

கையா, கணினியா

இதற்கிடையில் திட்டம் தலைகீழாகிவிட்டது. கையால் கீறிப் பழக என்று நான் எழுதி வைத்திருந்த வருடத்தில், திடீரென்று எல்லாவற்றையும் கணினியில் தரச் சொன்னார்கள். அழுது அழுது கணினி பழகினேன். இரண்டாம் வருடம் அந்தக் கெட்டித்தனத்தைக் காட்டலாம் என்று போனால், டிசைன் மிஸ் என் படத்தைக் கையில் எடுத்தார். கண்டிப்பான மனிதர், ஆனால் அன்றைக்கு உண்மையாகவே இரக்கப்பட்ட முகத்தோடு சொன்னார்: "வடிவாக இருக்கிறது மகள். ஆனால் இதில் உன் கை எங்கே?"

அளக்கப் போன இடம்

இரண்டாம் வருடத்தின் பெரிய வேலை, அவரவர் ஊரில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து அங்கே பயணிகள் காத்திருக்கும் கூடம் ஒன்றை வடிவமைப்பது. இதில் விழுந்தால் வருடமே போச்சு. பென்சில் வரி நடைமுறைக்கு வரும். நான் துறைமுகக் கரையோரம் மூதூர்ப் பக்கம் போகும் பஸ் நிற்கிற இடத்தைத் தெரிவுசெய்தேன். பின்னால் குடாக்கடல், முன்னால் ரோட்டு, நடுவில் ஒரு தகரக் கொட்டிலும் ஒரு தேத்தண்ணிக் கடையும்.

அளவு நாடாவை விரித்ததுதான் தாமதம், ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் ரோட்டை அகலமாக்க வந்தவள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, பஸ் நிலையத்தையே வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். இது படிப்புக்கு, ஒன்றும் கட்டப் போவதில்லை என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். அதைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது. ஒன்றும் கட்டாதவள் எதற்கு அளக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

கடைசியில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் தந்தார். காசு வேண்டாம் என்றார். பிறகு நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு மெல்லமாகச் சொன்னார்: "நீங்க அளவுங்கோ தங்கச்சி, நான் மறிக்கேல்ல. அளவு எப்பிடி வந்தாலும் என்ர கடை மட்டும் இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்."

காவல்காரர் வீடு

அடுத்த நாள் படம் எடுக்கும்போது பக்கத்துத் துறைமுக வாசலில் காவலுக்கு நிற்பவர் என்னை நோக்கி வந்தார். துறைமுகப் பக்கம் கமராவோடு நிற்கிற பெண்ணின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பஸில் தந்த கடிதத்தைக் காட்டினேன், அடையாள அட்டையைக் காட்டினேன், கேட்காமலே கீறிய படத்தையும் விரித்தேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. படத்தில்தான் கண் போனது.

ரோட்டைக் கண்டுபிடித்தார், வேப்பமரத்தைக் கண்டுபிடித்தார், தேத்தண்ணிக் கடையைக் கண்டதும் சிரித்தார். பிறகு விரலால் வாசல் பக்கம் தேடித் தேடி முகம் வாடிவிட்டது. அவர் வெயிலுக்கு ஒதுங்குகிற சின்னக் கூட்டை நான் கீறவில்லை. என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, மிச்சத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நங்கி, எல்லாரும் இருக்கு. நம்ம வீடு மட்டும் எங்க போச்சு?"

முதுகு

மிஸ்ஸுக்கு என் இடத்தில் மிகவும் பிடித்தது கடல். கடல் காட்சி, கடல் காட்சி என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னார். நானும் கடல் பக்கம் முழுக்கத் திறந்துவிட்டு, ஆட்கள் இருக்கிற நீள வாங்குகளை எல்லாம் கடல் பார்க்கப் போட்டேன். அப்படிக் கீறிய படத்தோடு கடைசியாக ஒருமுறை அந்த இடத்துக்குப் போனபோதுதான் கவனித்தேன், அங்கே ஒருவரும் கடலைப் பார்த்து இருக்கவில்லை. பஸ்ஸையும் பார்க்கவில்லை. பஸ் பக்கத்திலேயே நின்றது. எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்தார்கள். அவ்வப்போது யாராவது எழும்பிப் போய், "பொறுங்கோ, இந்தா வருகினம்" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த பஸ்ஸை நானே பலமுறை அப்படி மறித்து வைத்திருக்கிறேன். ஆனால் வாங்கு கீறும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கட்டைபறிச்சானுக்குப் போக இருந்த ஒரு அம்மாவிடம், கடல் பக்கம் திரும்பி இருந்தால் காற்று வருமே என்று மெல்லக் கேட்டேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கடல என்னத்துக்குப் பிள்ளை பாக்கிறது? அது ஒரு இடமும் போகாது. மருமோள் ஓட்டோவில வாறாளோ எண்டெல்லோ பாக்கோணும்!"

மரம் தின்ற மான்

வீட்டுக்கு வந்து, கூடத்தைச் சின்னதாக மட்டையில் செய்து வைத்திருந்த மொடலில் ஒட்டியிருந்த வாங்குகளைக் கிளப்பி ரோட்டுப் பக்கம் திருப்பினேன். மிஸ்ஸை நினைத்ததும் பயம் வந்தது, திரும்பக் கடல் பக்கம். கட்டைபறிச்சான் அம்மாவை நினைத்ததும் ரோட்டுப் பக்கம். இப்படியே திருப்பித் திருப்பிப் பசை தேய்ந்து, கடைசியில் ரோட்டுப் பக்கமாக ஒட்டிக்கொண்டது. அது என் கொள்கையா, பசையின் கொள்கையா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

மறுநாள் காலை மொடலோடு கொழும்பு பஸ்ஸுக்குப் போனேன். எங்கள் பட்டினத்தில் மான்கள் ஆடு மாடு மாதிரித் தெருவில் திரியும் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பெட்டி ஏற்றுவதற்காக மொடலை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால், ஒரு மான் கூடத்தின் தோட்டத்தை மேய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த புல்லின் பூக்கதிர்களை ஒவ்வொன்றாக நட்டு நான் செய்த மரங்கள். சத்தம் போட்டு ஓடிவருவதற்குள் ஒரு மரமும் மிச்சமில்லை. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

பஸ் நடத்துனர் மொடலைத் தூக்கிச் சாரதிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அழாதேங்கோ தங்கச்சி. மானே மரம் எண்டு நம்பிச் சாப்பிட்டிருக்கெண்டா, நீங்க நல்லாத்தான் செய்திருக்கிறீங்கள்."

எழும்பித் திரும்பட்டும்

படங்களைச் சுவரில் குத்திவிட்டு, மொடலை மேசையில் வைத்துவிட்டு, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த ஒரு கட்டடக்கலைஞரும் சுற்றி நிற்க, நம்மை நாமே காப்பாற்றிக்கொள்ளும் அந்த நாளைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வந்தவர் முதலில் மரமே வைக்காத என் துணிச்சலைப் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். அடுத்தது வாங்குகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இப்படியொரு குடாவை வைத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டுவதா?" என்றார்.

"சேர், அங்கே ஒருவரும் கடலைப் பார்ப்பதில்லை. பிந்தி வருகிற சொந்தக்காரரைத்தான் பார்ப்பார்கள்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. முடிந்தது, நிலாவெளிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

சிரிக்காதவர் மிஸ் ஒருவர்தான். மொடலைக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, நான் சொன்னதில் பிழை என்ன என்று வந்தவரைக் கேட்டார். அவர் பதில் சொன்னார். இவர் மறுத்தார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சண்டை ஏறியது. என்னை இருவரும் மறந்தேவிட்டார்கள். "அப்படியானால் கடலைப் பார்க்க ஆசைப்படுகிறவன் என்ன செய்வது?" என்று வந்தவர் மேசையில் தட்டினார். கடல் காட்சி, கடல் காட்சி என்று எனக்கு அத்தனை கிழமை ஓதிய அதே மிஸ் சொன்னார்: "அவன் எழும்பித் திரும்பட்டும்!"

சித்தப்பாவின் வேலை

நான் பாஸ். மயிரிழையில்தான், ஆனாலும் பாஸ். எதற்காகப் பாஸ் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, அப்பா வேலை முடிந்து கிரேனிலிருந்து இறங்கும் நேரத்துக்கு அவருக்குப் போன் எடுத்தேன். "பாஸ் அப்பா" என்று சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"பாசெண்டா ஏன் அழுறாய்?"

"தெரியேல்ல. பெயில் விட்டாச் சித்தப்பாட்டப் போகலாம் எண்டு நினைச்சிருந்தனான். இனிப் போகவும் ஏலாது. இன்னும் மூண்டு வருசம் இருக்கு. எனக்கு இது வருமோ வராதோ எண்டே விளங்கேல்ல."

பின்னால் கப்பல் ஒன்றின் சங்கு கேட்டது. பிறகு அப்பா சொன்னார்: "அந்த வேலைக்கு எப்பவோ ஆள் எடுத்தாச்சு. நான்தான் எடுக்கச் சொன்னனான்."

"எப்ப?"

"நீ கம்பசுக்குப் போன கிழமையே."

இரண்டு வருடம், ஒவ்வொரு முறை பயந்தபோதும் நான் போய்ச் சாய்ந்த இடம் அங்கே இருக்கவேயில்லை. சித்தப்பாவும், அந்த வேலை இருக்குத்தானே என்று நான் கேட்ட ஒவ்வொரு விடுமுறையிலும் சிரித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, அப்பா என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார் என்பது உறைத்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது. "அப்ப நான் பெயில் விட்டிருந்தா என்ன செய்திருப்பன்?" என்று கத்தினேன்.

அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது. "திரும்பக் கீறியிருப்பாய்" என்றார். "வேற என்ன?"

ஐந்து வருடத்துக்கும் திட்டம் போடுகிற சகபாடிகளே, தப்பி ஓட என்று நாம் பின்பக்கத்தில் ஒரு கதவு கீறிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் இருப்பவர்கள் அந்த இடத்தில் கல்லுக் கட்டி, பூசி, வெள்ளையும் அடித்து முடித்திருப்பார்கள்.