அக்காவுக்கு வந்த சூப்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர்களை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். அவர்கள் பெருமைகளைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்கா இறந்த செய்தியைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய ஒருவரிடம் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்தவன் நான். அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா பிறந்தது கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். நான் கல்லூரியில் சேர்ந்த சமயம் அப்பா காலமானார். அக்கா தம் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். தள்ளிவைத்த பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவேயில்லை. பின்னாளில் மென்பொருள் நிறுவன வேலையில் டெக்சஸ் வந்து, காப்பெல்லில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது அவர்கள்தான். கோபக்காரர் என்று பெயர் உண்டு. அந்தக் கோபம் பொங்கின பால் மாதிரி, அடுப்பைத் தணித்தால் அடங்கிவிடும்.

இதயம் பலவீனமாக இருக்கிறதென்று டாக்டர் சொன்னதும் உப்பை அறவே விட்டார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு லின் ஆன்ட்டி சூப்போடு வந்தார். வயதான சீனப் பெண்மணி, தனியாக இருப்பவர். காப்பெல் குளிர்காலம் உங்களில் பலருக்குத் தெரியும். காலையில் அரைக்கைச் சட்டை, சாயங்காலம் கோல்ட் ஃப்ரண்ட் என்கிற குளிர்காற்று வந்து ஜாக்கெட். வானம் இப்படி மாறும்போதெல்லாம் அதற்கேற்ற சூப் வைப்பது அவர் வீட்டு வழக்கம். வறண்ட காற்றடித்தால் பேரிக்காயும் வெள்ளைக் காளானும். திடீர்க் குளிருக்குக் கோழி, இஞ்சி, சுருங்கிய சிவப்புப் பழம். அந்தப் பழத்தைக் கடித்துப் பார்த்த அக்கா, "டேய், இது நம்மூரு எலந்தப்பழம்டா. காய வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார்கள்.

பிறகு அக்காவே செய்யக் கற்றுக்கொண்டார்கள். கோழியைக் கொதிநீரில் போட்டெடுத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் மண்பானையில் சிறுதீயில் மணிக்கணக்காக வேக வேண்டும், நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. அக்காவால் திறக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுவிட்டார்கள். வாயில் வைத்துப் பார்த்த லின் ஆன்ட்டி, "இது சூப் இல்ல, ரசம்" என்றார். அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். "உப்பில்லாம எப்படிக்கா குடிக்கறீங்க?" என்று நான் கேட்டால், "மருந்துன்னு நெனச்சுக்கோ கண்ணு" என்பார்கள்.

சென்ற கோடையில் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்கள். லின் ஆன்ட்டி அப்போது கலிஃபோர்னியாவில் மகன் வீட்டில் இருந்தார். கோபியிலிருந்து சிட்னி வரை எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் செய்தி போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என் நினைவுக்கே வரவில்லை.

முதல் குளிர் அடித்த அன்று எங்கள் வாசற்படியில் அவருடைய பானை இருந்தது. கழுவி, வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று ஆரஞ்சு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "சிஸ்டர் எப்படி இருக்கா?" என்று கேட்டார். "ரெஸ்ட் எடுக்கறாங்க" என்று வாயில் வந்துவிட்டது. குளிர்நாளில் அக்கா வெளியே வருவதில்லை என்பதால் அவரும் நம்பிவிட்டார்.

அதன்பின் வானம் மாறும்போதெல்லாம் பானை வந்தது. நாங்கள் உப்புப் போட்டுக் குடித்தோம். "இன்னைக்காவது போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்தம்மா கால் கடுக்க நின்னு செய்யறாங்க, பாவம்" என்பாள் என் மனைவி. "இந்த வீக்கெண்ட் சொல்லிடறேன்" என்பேன். சொன்னால் என் பொய்யும் வெளியே வந்துவிடும் என்று பயம். இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டிலாவது அக்கா இன்னும் உயிரோடு இருந்தார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணையிருந்த நண்பர்கள், காரியம் முடியும்வரை எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த குடும்பங்கள், ஊரிலிருந்து வீடியோவில் கூடவே அழுத சொந்தபந்தங்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசியாக நன்றி சொல்ல வேண்டியவருக்கு இந்த மலரைப் படிக்கத் தெரியாது.

குளிர் விடப்போகும் நேரத்தில் இம்மலரின் மாதிரி அட்டை அச்சகத்திலிருந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு லின் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். அதில் மாலை போட்ட அக்கா படத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்போ?"

"போன சம்மர்ல, ஆன்ட்டி."

படத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"அப்போ என் சூப்பை யார் குடிச்சது?"

"நாங்கதான்."

"அதுல உப்பே கிடையாதே."

"நாங்க போட்டுக்கிட்டோம்."

அட்டையை என்னிடம் திருப்பித் தராமலே கதவைச் சாத்திக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. சில நாளில் அடுத்த குளிர்காற்று வந்தது, பானை வரவில்லை. அதற்கடுத்த குளிர்காற்றுக்கும் வரவில்லை. நான் வாசலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவத்தின் கடைசிக் குளிர் அடித்த மாலை, பானை படியில் இருந்தது. எல்லோருக்கும் ஊற்றினேன். என் மகள் வழக்கம்போல உப்பு டப்பாவை எடுத்தாள். ஒரு வாய் குடித்திருந்த என் மனைவி அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா. உப்புப் போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க."