மாங்காய் வாங்க வைத்த மாத்திரை

மருந்துக்கடையில் என்னைப் போலவே நின்று கால் வீங்கியவர்களே, சீட்டில் டாக்டர் எழுதுவது ஒன்று, வீட்டில் அது ஆவது வேறொன்று என்பது நமக்குத்தான் தெரியும். காரைக்குடியில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன், இன்னும் பழகவில்லை.

மருமகள் சாப்பிட்டது

கல்லலிலிருந்து வரும் செல்லம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்றபின் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வேர்த்ததால் டாக்டர் இரண்டு மருந்து எழுதினார்: தோலில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், படுக்கும்போது விழுங்க புரோஜெஸ்டிரோன் மாத்திரை. நாலே நாளில் மாத்திரை அட்டையை மட்டும் கொண்டுவந்து, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மருமகளுக்குக் கர்ப்பம் தங்குவதற்கு இதே அட்டையைத்தான் கொடுத்தார்களாம். இந்த வயதில் இவருக்குமா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்றவர், என் பக்கம் குனிந்தார்.

"எங்க வீட்டுக்காரவுக நேத்து மாங்கா வாங்கிட்டு வந்துட்டாக தாயி."

வீணாக்காத மனிதர்

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கர்ப்பப்பை இருக்கிறவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், புற்றுநோயில்கூடக் கொண்டுபோய் விடலாம், அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை என்று பாடம் நடத்தி, அட்டையைக் கையில் திணித்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் கணவர் முத்தையா வந்து இன்னோர் அட்டை கேட்டார். அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று சந்தோஷமாக விசாரித்தேன்.

"அவ எங்க சாப்புடுறா? வீணாப் போகுதேன்னு நாந்தான் சாப்புடுறேன். நல்லாத் தூக்கம் வருது."

ஸ்கேன்

அட்டை தர மறுத்தேன். செல்லம்மாள் அன்றிலிருந்து ஜெல்லை மட்டும் வேறு கடையில் வாங்கத் தொடங்கினார். சில மாதம் கழித்து, நின்றுபோன ரத்தம் மறுபடி வந்தது. ஸ்கேனில் உள்சவ்வு தடித்திருந்தது. திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லையாம். கேள்விப்பட்ட எனக்கும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

நல்லவேளை, கெட்டது ஒன்றும் இல்லை. அன்றே முத்தையா மனைவியின் சீட்டோடு வந்தார். இனி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாதென்று டாக்டர் கண்டித்திருக்கிறார். ஊர் வாயை என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டேன். கடையில் நின்ற கல்லல்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்.

"யாரு கேட்டாலும் அது எனக்குன்னு சொல்லிட்டேன். மாங்காயவும் நாந்தான் திங்கிறேன்."

கல்லலில் இன்றைக்கு மசக்கை என்று பேசப்படும் ஒரே ஆண்பிள்ளை அவர்தான், ஆனால் அவர் மனைவியின் கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது.