கதவுக் கண்ணாடி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஏனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாலோ மருந்து மாறிப்போனாலோ மற்றவர்கள் யார் செய்தது என்று கேட்பார்கள். இவள் ஏன் நடந்தது என்று கேட்பாள். பதில் சொன்னால் அதற்கும் ஒரு ஏன் போடுவாள். பாதி வாழ்க்கையை வார்டில் நர்ஸாக நின்றே கழித்து முழங்கால் தேய்ந்த பிறகு, நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்து ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். இனி உட்காரலாம் என்று அவளும் நம்பினாள். பாவம், அந்த நேரம் பார்த்தா தொற்றுநோய் வர வேண்டும்?

வார்டில் அறைக்கு ஒரு நோயாளி, எந்நேரமும் மூடிய கதவு. உள்ளே போவதென்றால் தலை முதல் கால்வரை கவச உடை மாட்ட வேண்டும். அதனால் கதவிலிருந்த சதுரக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நர்ஸுகள் வெளியே நடைவழியில் சுற்றி வந்தார்கள். வீட்டிலும் அதே கதைதான். அவள் பின்னறையில் தனியாகப் படுத்தாள். கணவர் சாப்பாட்டை அறை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டு, வெளியே சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார். "ஜன்னல்கிட்ட வா. உசிரோட இருக்கியான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"இருக்கேன், போங்க" என்பாள். எழுந்துபோகவும் தெம்பு இருக்காது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும், நோயாளி எங்கே எப்படி இருந்தாரோ அங்கே அப்படியே இருந்து பார்ப்பாள். விழுந்தவரின் கட்டிலில் தானே ஏறிப் படுப்பாள். "ஏனக்காவுக்குத் தூக்கம் வந்தா யாராவது கட்டில்லேர்ந்து விழணும்" என்று வார்டில் கிண்டல் செய்வார்கள்.

அப்படித்தான் ஒருநாள் நடைவழியின் கடைசியிலிருந்த கோடி அறைப் பெரியவர் விழுந்தார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு இறங்கி நடந்து, கதவடியில் சுருண்டு கிடந்தார். உதடு நீலம் பாரித்த பிறகுதான் சின்னவள் கண்டாள். சின்னவள் என்பது வார்டின் புது நர்ஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெரியவரைத் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி எப்படியோ பிழைக்கவைத்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் ஏனக்காவைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வேணும் சிஸ்டர். டியூட்டில இருந்த பொண்ணு கவனிக்கலை. அதை எழுதுங்க போதும், அவளை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

எழுதிவிட்டால் தீர்ந்தது. அவளுக்கும் சின்னவள்மேல் எரிச்சல்தான்.

"கண்ணாடி வழியா பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் அக்கா. தெரிஞ்ச வரைக்கும் பாத்தேன்" என்று சின்னவள் அழுதாள்.

சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பெரியவரிடம் போனாள். அவர் மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினார். "மணி அடிச்சேம்மா. யாரும் வரலை. வெளிய ஆளு இருக்கா, எல்லாரும் போயிட்டாங்களான்னே தெரியலை. ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னு எழுந்தேன்."

மணி அடித்தபோது சின்னவள் பக்கத்து அறையில் கவச உடைக்குள் இருந்தாள், போட்டதைப் போட்டபடி ஓடிவர முடியாது. அது புரிந்தது. ஆனால் எட்டிப் பார்க்க ஏன் எழ வேண்டும்? படுத்தபடியே பார்த்தால் கதவு நேர் எதிரேதானே?

கவச உடையை மாட்டிக்கொண்டு கோடி அறைக்குப் போய் அந்தக் கட்டிலில் படுத்தாள். படுத்ததும் கண் சொக்கியது. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள்.

கண்ணாடியே இல்லை. வெறும் காகிதங்களின் முதுகு. இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவு வெளிச்சம்.

எல்லாம் அவள் ஒட்டிய எச்சரிக்கைகள். கை கழுவச் சொல்லி ஒன்று, உடையைக் கழற்றும் முறைக்கு ஒன்று. ஒவ்வொரு தவறு நடந்த பிறகும் ஏன் ஏன் என்று குடைந்து ஒரு காகிதம் தயார் செய்தாள். எல்லோர் கண்ணும் படும் இடம் என்று கண்ணாடியிலேயே ஒட்டினாள். தெரிஞ்ச வரைக்கும் பாத்தேன் என்று அந்தப் பெண் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. எழுந்து வெளியே போகவே வெட்கமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு கதவாகப் போய்க் காகிதங்களைப் பிய்த்தாள். பசை வராத இடங்களில் நகத்தால் சுரண்டினாள்.

"அந்தப் பொண்ணு பாத்தா சார். பாக்க விடாம அடைச்சது நான்" என்றாள் பெரிய டாக்டரிடம்.

"இப்படி எழுதினா உங்க தலையிலதான் விடியும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தானே சார் ஒட்டினேன்."

அவர் களைத்த கண்களைக் கசக்கிக்கொண்டார். "சரி, அந்த நோட்டீஸையெல்லாம் எங்க ஒட்டறது?"

"சுவரு சும்மாத்தானே சார் இருக்கு."

சின்னவளின் வேலை தப்பியது. ஏனக்காவின் நாற்காலி போயிற்று. மறுபடி வார்டில் நிற்க வைத்தார்கள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அன்று வீட்டில் கணவர் கூப்பிடும் முன்பே போய் ஜன்னலருகில் நின்றாள்.

தேறிவந்த பெரியவரை மறுபடி அதே கோடி அறையில் போட்டார்கள். அவள் சுற்றி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்தாள். அவர் முகமூடியோடு கதவைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவளைக் கண்டதும், போ போ என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுப் புரண்டு படுத்துத் தூங்கிப்போனார்.