தெம்புக்கு ஒரு பாட்டில்

இரண்டாவது பாட்டில் இரத்தம் பாதி இறங்கியபோது எனக்கு மூச்சு முட்டியது. முதலில் குளிர் என்றுதான் நினைத்தேன். பிறகு நெஞ்சுக்குள் ஈரச் சாக்கைத் திணித்ததுபோல இருந்தது. என் கணவர் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

அந்த இரண்டாவது பாட்டில் எனக்குத் தேவையே இல்லை. எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது.

கர்ப்பப்பைக் கட்டியால் மாதக்கணக்கில் உதிரம் போய், இண்டூரிலிருந்து தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு என்னைக் கொண்டுவந்தார்கள். முதல் பாட்டில் என்னைக் காப்பாற்றியது, மறுக்கமாட்டேன். ஹீமோகுளோபின் (பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தப் பொருள்) எட்டைத் தாண்டியதும், "இனி இரும்புச்சத்து ஊசியே போதும்" என்றார் டாக்டரம்மா. என் அண்ணன் விடவில்லை.

"இன்னொரு பாட்டில் ஏத்திவுடுங்க மேடம். வூட்டுக்குப் போனா தெம்பு வேணுமில்லீங்களா?"

எங்கள் பக்கத்தில் இரத்தம் என்றால் டானிக் மாதிரி. டாக்டரம்மா யோசித்தார், கடைசியில் சம்மதித்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வந்ததை 'டிராலி' (ஏற்றிய இரத்தத்தால் நுரையீரலில் ஏற்படும் காயம்) என்றார்கள். கொடுத்தவரின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் என் நுரையீரலைப் புண்ணாக்கி, அதற்குள் நீர் கசியவைத்துவிட்டதாம். மூன்று நாள் வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) கிடந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

பேச்சு திரும்பியதும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "ரத்தம் குடுத்த அந்த ஆளு மறுபடி குடுத்தா, வேற யாருக்காச்சும் இப்படி ஆவுங்களா?"

"ஆகலாம். ரத்த வங்கிக்கு எழுதினா அவங்க சோதிச்சுப் பார்ப்பாங்க."

"உசுரோட வந்துட்டே. எதுக்கு வம்பு?" என்றார் அண்ணன்.

"இன்னொருத்தி சாவட்டும்னு வுட்டுடறதா?"

இரத்த வங்கிக்கு எழுதி முடிக்கும்வரை நான் சக்கர நாற்காலியில் டாக்டரம்மா எதிரிலிருந்து நகரவில்லை. அவரும், இரண்டாவது பாட்டில் ஏற்றச் சம்மதித்தது தான்தான் என்பதையும் சேர்த்தே எழுதினார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

இரத்த வங்கியில் விவரம் சொன்னார்கள். கர்ப்பம் தரித்த பெண்களின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கலாம். அதனால் பிளாஸ்மாவை (இரத்தத்தின் நீர்ப்பகுதி) பெரும்பாலும் ஆண்களிடமிருந்தோ, சோதித்துப் பார்த்த பெண்களிடமிருந்தோ எடுக்கிறார்களாம். எனக்கும் இரண்டு பிள்ளைகள். என் இரத்தத்திலும் அது இருக்கலாம். கொடுத்தவர்மேல் இருந்த கோபம் அன்றோடு போனது.

தேவையில்லாமல் ஏற்றியதன்மேல் கோபம் போகவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் பாட்டில் தொங்கவிடும் முன் கேளுங்கள்: "இது இல்லாம முடியாதுங்களா?" முடியாது என்றால் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது மூச்சு இரைத்தால் உடனே சத்தம் போடுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

கட்டியை எடுக்கும் நாளைத் தள்ளிப்போட்டு, முதலில் இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டேன். அறுவைச் சிகிச்சை அன்று அண்ணன் எனக்கு இரத்தம் கொடுக்கப் பொம்மிடியிலிருந்து இரண்டு பேரை அழைத்துவந்து நின்றார்.

"ரத்த வங்கியில குடுக்கச் சொல்லுண்ணா. உசுருக்குப் போராடறவங்களுக்கு ஆவட்டும். தெம்புக்குன்னு எனக்கு ஒரு சொட்டும் வேணாம்."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அவர்களோடு தானும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கண் விழித்ததும் கையைத்தான் பார்த்தேன். சலைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை உள்ளே இழுத்தேன், போனது. விட்டேன், வந்தது. முன்பெல்லாம் உதிரம் போகும் நாளை, வாரத்தை எண்ணியவள், இப்போது மூச்சைத்தான் எண்ணுகிறேன்.

"தெம்பு இருக்குதா?" என்று குனிந்து கேட்டார் கணவர்.

"மூச்சு இருக்குதுங்க. தெம்பை நான் சாப்பிட்டுத் தேத்திக்கிறேன்."