இத்தா வீட்டில் கேட்ட சிரிப்பு

என் அத்தைக்குப் பொய் சொல்ல வராது. இது பெருமைக்குச் சொல்வதல்ல. அதனால்தான் புருஷன் வீட்டில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குப் பேர் வைத்த அன்று, "மூக்கு அப்படியே கங்காணி மூக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் ஆள் முகம் பார்க்காமல், கொக்கோ காய் உடைக்கும் இடத்தில்கூடத் தனியாக உட்கார்ந்து பழகிவிட்டாள்.

தோட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பேர் கொடுத்திருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. உக்குவளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளி வீட்டுக்கு நாங்கள் பால் கொடுத்து வந்தோம். அந்த முதலாளி மவுத்தானார், அதாவது இறந்துபோனார். இனிப் பாலைப் பெண்கள் யாராவது கொண்டுவரட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குக் கைப்பிள்ளை. அப்பா வேறு வழியில்லாமல் அத்தையை அனுப்பினார். அவள் எதையாவது பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள என்னையும் அனுப்பினார்.

முதல் நாளே பேசிவிட்டாள். உள்ளறையில், வெள்ளைத் திரைக்குப் பின்னால், வெள்ளைச் சேலையில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அத்தை திரையை விலக்கிக் கேட்டாள்: "ஒங்கள ஏன் அடைச்சு வச்சிருக்காங்க? என்ன தப்புப் பண்ணுனீங்க?"

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். பிற்பாடு கூலி வேலைக்கென்று எத்தனையோ ஊர் போய் என்னென்னவோ பார்த்துவிட்டேன். அப்படி ஒரு திகில் வந்ததில்லை.

"தப்பில்ல புள்ள, இத்தா. மாப்புள மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம, வேத்து ஆம்புளைங்க கண்ணுல படாம இருக்கணும்."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு அது ஆறு வருசமா நடக்குது. எம் புருசன் உசுரோடதான் இருக்காரு."

அந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மவுத்தாகி இருபது நாள் ஆகாத வீட்டில் சிரிப்பு. நான் வாசலையே பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் அத்தைக்கு ராத்தா, அதாவது அக்கா. தினம் ஒரு மணி நேரம் இருவரும் திரைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை பேசினாள்! லயத்தில் யார் எப்படிக் குறட்டை விடுகிறார்கள், எந்தக் கொக்கோ மரத்தில் அணில் அதிகம் என்றெல்லாம் பேசினாள். ராத்தா எல்லாவற்றுக்கும் "பொறகு?" என்பார். அத்தையிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்த அதிசயத்தை நான்தான் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் சொன்னேன். ராத்தா சிரித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

நான் சொன்ன மூன்றாம் நாள் ராத்தாவின் மாமியார் வாசற்படியில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

"பால வச்சிட்டுப் போங்க. நாளைலேந்து வர வேணாம். எண்ட மகன் மவுத்தாகி மண்ணு காயல்ல, மருமகள் சிரிக்கிறாளாம் எண்டு ரோடெல்லாம் பேச்சு. இத்தா முடிஞ்ச அண்டைக்கே அவள அவட ஊருக்கு அனுப்பிடுவன்."

உள்ளே திரை அசையவில்லை. அத்தை இப்போது உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ தலையை நிமிர்த்தி அந்த மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க சிரிக்கலங்க. நாந்தான் சிரிச்சேன். எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. தோட்டத்துல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

நான் வாயைப் பிளந்தேன். அது பச்சைப் பொய். அதை அவள் தடுமாறாமல் சொன்னாள்.

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கிறுக்கெண்டா வாயில துணிய அடச்சிட்டுச் சிரி" என்று சொல்லிவிட்டு, படியை விட்டு விலகி நின்றார். அத்தை உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் மதகருகே அத்தை பால் செம்பை இறக்கி வைத்தாள். உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தாள். நான் பயந்துபோய், வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்: "அத்தைக்கு ஒடம்பு சரியில்ல. நாளைலேருந்து பால நானே கொண்டு போறேன்."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அடித்தது அத்தை. எறும்பைக்கூட நசுக்காதவள், "பால நாந்தான் கொண்டு போவேன்" என்று கத்தினாள். உதவி செய்யப் போனதற்கு அடியா என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொய் சொல்லத் தொடங்கியதும் ஆள் எப்படிக் கெட்டுப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.