முற்றத்துக்கு மேல் தகரம்

திருவனந்தபுரத்தில் வீடு கட்டி நாலைந்து வருடம் போனால் மொட்டை மாடிக்கு மேல் இரும்புக்கால் நட்டுத் தகரம் போட்டுவிடுவார்கள். அதற்கு ட்ரஸ் என்று பெயர். எல்லாம் மழைப் பயம். கட்டடம் வரைந்து பிழைக்கிற எனக்கு அந்தத் தகரத்தைக் கண்டாலே எரியும்.

கழக்கூட்டத்தைத் தாண்டி ஒரு விவசாய ஆராய்ச்சி மையத்துக்குக் காளான் கூடம் வரைந்தேன். செம்பாறையில் அறுத்த வெட்டுக்கல் சுவர், சுவர் முழுக்கத் துளைகள், நடுவில் திறந்த முற்றம், அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சூடு முற்றம் வழியே மேலே போய்விடும். ஏசி தேவையில்லை. அங்கிருந்த ஆராய்ச்சியாளர் அம்மா, நகரத்து ஸ்ரீவராகம் அக்ரகாரத்துத் தமிழர், கேட்டதும் அதுதான். ஏசி வாங்க முடியாத பெண்கள் வீட்டில் வளர்க்கும்படி ஒரு காளான் ரகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். முதல் தடவை நன்றாகவே விளைந்தது.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார் என்றதும் மையத்தின் என்ஜினீயர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சாரே, மந்திரி நனைஞ்சா யாரு சமாதானம் சொல்லும்? ஒரு ட்ரஸ் இட்டா மதி, அது போதும். என் வீட்டுக்கும் இட்டாச்சு."

"உங்க வீட்ல காளான் வளருதா?"

"பாத்ரூம்ல வளருதே!" என்று சிரித்தார். முற்றத்துக்கு மேல் தகரம் ஏறியது; விழா முடிந்ததும் கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

கழற்றவில்லை. வெயில் தொடங்கியதும் கூடம் சட்டியாகக் காய்ந்தது. காளான் வளரும் வைக்கோல் பைகளில் பச்சைப் பூஞ்சை ஏறியது. கமிட்டி கூடியது. இயற்கைக் கட்டடம் என்றால் இப்படித்தான் என்று பழியை என் தலையில் போட்டார்கள். தகரத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் கத்தினேன். போட்டதைக் கழற்றினால் ஆடிட்டில் கேட்பார்களாம். ஏசி வைக்கப்போகிறார்களாம், துளைகளை அடைக்க நானே வரைந்து தர வேண்டுமாம். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார்.

"அந்தப் படத்தைப் போட்டுக் குடுத்துடுங்கோ சார். கொஞ்சம் பைதான் இன்னும் நன்னா இருக்கு, இந்தச் சூட்டுல அதுவும் போயிடும்."

"ஏசி போட்டா உங்க ஆராய்ச்சி என்ன ஆறது?"

"அது போச்சு. ரகமாவது மிஞ்சட்டும்."

போனை வைத்தேன். என் பழைய வரைபடத்தையே எடுத்து, ஒவ்வொரு துளையாகச் சிவப்பில் அடித்தேன். எவ்வளவு சிமென்ட் வேண்டும் என்பதையும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.