சீலைப்பேன்

கார்ட்டியர்வில்லில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் போன மாரியில் ஓர் எலி வந்தது. ஒரேயொரு எலி, அதுவும் கட்டைவிரல் அளவில் ஒரு சுண்டெலி. அதைப் பிடிக்க வீட்டுக்காரர் இரண்டு பேரை அனுப்பினார். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சந்திரனில் இறங்குகிறவர்களைப் போல வந்தார்கள். என் மனைவி சோபாவில் ஏறி நின்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் ஏறி நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு வயதில் பதினான்கு மாதம் எலிகளோடு ஒரே சாக்கில் படுத்து எழும்பியவன் நான். கனடா வந்தால் ஆளுக்கு இப்படியெல்லாம் நாகரிகம் வந்துவிடுகிறது.

அந்தப் பதினான்கு மாதக் கதை இதுதான். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் போருக்கு வரவேண்டும் என்று சொல்லி இயக்கத்தார் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் ஏற்றக்கூடிய சாமானாக அப்போது நான்தான் இருந்தேன். துவக்குத் தூக்கியதைவிட மண்வெட்டி தூக்கியதுதான் அதிகம். ஆனால் இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களில் அந்தப் பதினான்கு மாதமும் மாமாவின் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவது என் வேலை. கழுத்தில் பாதுகாப்பு அட்டை தொங்குகிறது. அந்த மிளகாய்த் தோட்டம் பொய்யென்று தெரிந்தால் அட்டை போகும், வேலை போகும், நான் ஏற்றிய பெட்டிகளோடு என்னையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இதை வாசித்துவிட்டு யாராவது விசாரிக்க வந்தால் எல்லாம் கற்பனை என்று சொல்லுவேன். மனைவிக்கு உண்மை தெரியும். பதினொரு வயது மகளுக்குச் சொல்லி வைத்திருப்பதும் அதே தோட்டக் கதைதான், உண்மை அவளுக்குத் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மகளின் வகுப்பில் முதலாம் உலகப் போர் பற்றிப் பாடம் நடந்தது. ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பதுங்குகுழி செய்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம், துணைக்குப் பெற்றோர் தேவை என்று கடிதம் வந்தது. மனைவிக்குக் கார்டரி என்ற காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை, விட்டுவிட்டு வரமுடியாது. எனக்கு அன்று விடுமுறை.

"இஞ்சருங்கோ, அங்க போய் உங்கட வீரப் பிரதாபம் ஒண்டும் அவிழ்க்கக்கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு போட்டு வாங்கோ" என்றாள் மனைவி.

"எனக்குப் பிரெஞ்சில பேச வாறது பொன்ஜூரும் மெர்சியும்தான். அதை வைச்சுக்கொண்டு எதை அவிழ்க்கிறது?" என்றேன்.

போய்ப் பார்த்தால், அடடா! கீழ்த்தளத்தில் வழுவழுவென்று பலகைத் தரை போட்ட பதுங்குகுழி. பிடித்து நடக்கக் கைப்பிடி, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, தலைக்கு மேலே அவசர வாசல் விளக்கு. மண்மூட்டைகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. மூலைக்கு ஒன்றாக நான்கு ரப்பர் எலிகள். ஒரு பொத்தானை அமர்த்தினால் போர்க்கள நாற்றமும் வரும். பிள்ளைகள் முறை வைத்து அமர்த்தி மூக்கைப் பொத்தினார்கள். நானும் மணந்து பார்த்தேன். எங்கள் வேலையிடத்தில் யாரும் எடுக்க வராத பெட்டிகளில் இதைவிட நல்ல நாற்றம் வரும். இப்படியொரு பங்கர் எங்களுக்குக் கிடைத்திருந்தால் அதற்குள் கல்யாணமே வைத்திருப்போம்.

எங்கள் பங்கரில் மழைக்காலத்தில் முழங்கால் வரை தண்ணீர். கால் வெளிறி, ஊறி, விரலிடுக்கில் பிளந்துகொண்டு வரும். எலிகள் முதலில் சவர்க்காரத்தைத் தின்றன, பிறகு மாப்பையை, பிறகு அசந்து கிடந்தவர்களின் குதிக்கால் தோலை. அதுவும் நோகாமல் ஊதி ஊதிக் கடிக்கும். எங்கள் பொறுப்பாளரிடம்கூட நான் அவ்வளவு இரக்கத்தைக் கண்டதில்லை.

சுற்றிக் காட்டிய இளைஞர் பழைய படைவீரன் உடுப்பில் நின்றார். உடுப்பு நன்றாக மினுக்கி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு சீப்பை எடுத்துக் காட்டி அவர் ஏதோ சொல்ல, மகள் என் காதில் தமிழில் சொன்னாள். படைவீரர்களின் தலையில் பேன், அதனால் மொட்டை அடித்தார்கள், தொல்லை தீர்ந்தது என்றாராம்.

நான் பேசாமல்தான் இருந்திருக்க வேண்டும். எதையும் பொறுத்துக்கொள்வேன், என்னைத் தின்ற பேனைப் பற்றி ஒருவர் எனக்குப் பிழையாகப் பாடம் எடுப்பதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"அது தலைப்பேன் இல்லை, சீலைப்பேன் எண்டு சொல்லு பிள்ளை."

மகளுக்குச் சீலை என்றால் அவளுடைய அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சீலைதான். அப்படியே பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். 'சாரி' என்ற சொல் என் காதிலும் விழுந்தது. இளைஞர் மரியாதையாக முழித்தார். அப்போது ராணுவத்தில் சேலை உடுத்தினார்களா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதில சிரிக்க என்ன கிடக்கு? சீலையெண்டா துணி. சட்டைத் தையலுக்குள்ள கிடந்து கடிக்கிற பேன். மொட்டை அடிச்சு அது போகாது. சீலையும் இருந்ததுதான்! சாக்கு முடிஞ்சாப் பிறகு சனத்தின்ர சீலையளைக் கிழிச்சுத்தான் மண்மூட்டை தைச்சது. கூறைச்சீலையும் இருந்தது. நாங்கள் அதில தலையை வைச்சுத்தான் படுத்தனாங்கள்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. 'நாங்கள்.' ஒரு சொல்லில் மிளகாய்த் தோட்டம் முழுவதையும் கொளுத்திவிட்டேன். தமிழ் தெரியாவிட்டாலும் சத்தத்தில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஆசிரியை மகளைப் பார்த்தார், இளைஞரும் பார்த்தார். மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

பிரெஞ்சில் நாங்கள் என்றால் 'நூ', அவர்கள் என்றால், ஊர்ப்பேச்சில் 'அவை' என்றால், 'இல்'. பேச வராவிட்டாலும் கேட்டால் அரைகுறையாக விளங்கும் என் ஓட்டைப் பிரெஞ்சிலும் இந்த இரண்டும் உண்டு. அவள் வாயிலிருந்து 'நூ' வரப்போகிறது என்று காத்து நின்றேன்.

அவள் அவசரப்படாமல் சொன்னாள். தையலைச் சொன்னாள், சாக்கைச் சொன்னாள், கூறைச்சீலையைக் கல்யாணச் சேலை என்று திருத்தமாகச் சொன்னாள். தலை வைத்துப் படுத்த இடம் வந்ததும் 'இல்' என்றாள். கண் இமைக்காமல் சொன்னாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று இளைஞர் கேட்டார். அப்பா நிறைய வாசிப்பார் என்றாள். நான் கடைசியாக முழுதாக வாசித்தது மைக்ரோவேவ் பெட்டியோடு வந்த கையேடு. இளைஞர் எனக்கு மெர்சி சொல்லி, சேலை மூட்டையைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாய் என்று ஆசிரியை மகளைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வரும் பேருந்தில் மகள் பக்கத்தில் இருந்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"தோட்டக் கதை நீங்கள் சொல்லத் தொடங்கினா அம்மா எழும்பிக் குசினிக்குப் போறவ. எப்பவும்" என்றாள்.

எங்கள் ஊர்ப் போரின் தூசிகூட இந்தப் பிள்ளையில் படவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்த வாய் என்னுடையது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ முன்னாலும் பின்னாலும் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, வெளியில 'நாங்கள்' எண்டு சொல்லாதேங்கோ. 'அவை' எண்டு சொல்லிப் பழகுங்கோ. நான் எல்லா இடத்திலயும் பக்கத்தில நிக்கமாட்டன்தானே. ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ."

"அவை அதில தலையை வைச்சுப் படுத்தவை" என்றேன்.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றாள்.